ஆறிப்போன தட்டு

கேள்வி: எனக்கு 43 வயது. சிறு வயதில் இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேகவைத்த முட்டைக்கோஸ் இருக்கும். அதன் வாடை மாடிப்படி வரைக்கும் வரும். தட்டைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். மற்ற விளக்குகளை எல்லாம் அம்மா அணைத்துவிடுவார். மேசைக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எரியும். ஒருநாள் அம்மா தொலைபேசியை எடுக்கப் போன நேரத்தில் அப்பா வந்தார். என் தட்டில் இருந்ததை நான்கே வாயில் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இன்றும் முட்டைக்கோஸ் வேகும் வாடை வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இப்போது என் ஐந்து வயது மகன் பச்சை நிறத்தில் எதை வைத்தாலும் தொடுவதில்லை. போன மாதம் ஓர் இரவு, "இதை முடிக்காமல் நீ எழுந்திருக்கக் கூடாது" என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அது என் குரலே இல்லை, அம்மாவின் குரல். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களோடு வசிக்கும் அம்மாவோ, "உன்னை அப்படி வளர்த்ததால்தான் நீ நன்றாக இருக்கிறாய்" என்கிறார். ஒரு காய் மேல் இத்தனை வருட வெறுப்பு இயல்புதானா? மகனை எப்படிச் சாப்பிடவைப்பது? அம்மாவிடம் என்ன சொல்வது?

பதில்:

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் முட்டைக்கோஸின் சுவையைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. விளக்கைப் பற்றியும், உள்ளறையிலிருந்து கேட்ட சிரிப்புச் சத்தத்தைப் பற்றியும், ஆறிப்போன காயிலிருந்து தட்டில் கசிந்து நின்ற தண்ணீரைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். குழந்தைகளின் உணவுச் சிக்கல்களுக்காக என்னிடம் வரும் பெற்றோர், தங்கள் சொந்தச் சிறுவயதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இப்படித்தான் பேசுகிறார்கள். ஒருவருக்கு ஈரல், ஒருவருக்குப் பாலாடை, இன்னொருவருக்குக் கொழகொழவென்று குழைந்த கீரை. உணவின் பெயர்தான் மாறும். யார் எதிரில் உட்கார்ந்திருந்தார், என்ன சொன்னார், எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதெல்லாம் நாற்பது வருடம் கழித்தும் அச்சு மாறாமல் நினைவில் இருக்கும்.

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஆம், இயல்புதான். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம், சிறு வயதில் உங்களைக் கட்டாயப்படுத்திச் சாப்பிடவைத்த அனுபவம் உண்டா என்று விசாரித்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளில் அதிகம் வந்தவை காய்கறிகள், இறைச்சி, கடல் உணவு. கட்டாயப்படுத்தியவர்கள் சொன்ன காரணங்களும் நாம் அறிந்தவைதான்: உடம்புக்கு நல்லது, எல்லாவற்றையும் சாப்பிடப் பழக வேண்டும், வீணாக்கக் கூடாது. அந்த உணவை இன்று நீங்களாக விரும்பிச் சாப்பிடுவீர்களா என்று கேட்டபோது, 72 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள். அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்பதற்குப் பலர் சொன்ன பதில், கையாலாகாமல் உட்கார்ந்திருந்தேன் என்பது. உங்கள் கடிதத்திலும் கிட்டத்தட்ட இதே சொல் இரண்டு இடத்தில் வருகிறது.

இனி சுவையைப் பற்றிய அந்த ஒரே வரிக்கு வருகிறேன். "நான் பொய் சொல்கிறேன் என்றே அம்மா நினைத்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. எட்டு வயதில் உங்கள் நாக்கு சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம்.

1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற ஒரு பொடியைக் கையாண்டுகொண்டிருந்தார். பொடி கொஞ்சம் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் ஒரே கசப்பு என்று முகத்தைச் சுளித்தார். ஃபாக்ஸோ பொடிக்கு மிக அருகில் இருந்தும் தனக்கு ஒரு சுவையும் தெரியவில்லை என்றார். இருவரும் வாதாடிப் பார்த்துவிட்டுப் பொடியை நாக்கிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவருக்குக் கசப்பு, இவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சொன்னது உண்மை. பிற்பாடு இந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். கசப்பை உணர மனிதருக்கு இருக்கும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகளில் ஒன்றை உருவாக்கும் மரபணு அது. பி.டி.சி.யோடு வேதி அமைப்பில் ஒத்த பொருட்கள் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி குடும்பத்துக் காய்களில் இருக்கின்றன. ஆகவே ஒரே பாத்திரத்தில் வெந்த ஒரே காய், ஒரே மேசையில் அம்மாவின் நாக்குக்கு மிதமாகவும் மகளின் நாக்குக்குக் கடுங்கசப்பாகவும் இருக்க முடியும். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கசப்பு பொதுவாகக் கூடுதலாகத் தெரியும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த மரபணுவின் கசப்பு உணரும் வகையைப் பெற்ற எல்லாரும் முட்டைக்கோஸை வெறுக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். தொடக்கப் புள்ளி எல்லாருக்கும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

வாடையும் உங்கள் கற்பனை இல்லை. முட்டைக்கோஸில் கந்தகம் கலந்த சேர்மங்கள் நிறைய உண்டு. அதிக நேரம் தண்ணீரில் வேகவேக அவை சிதைந்து, அழுகிய முட்டையை நினைவூட்டும் வாயுவை வெளிவிடும். மாடிப்படி வரைக்கும் வந்தது அதுதான். உங்கள் வீட்டில் காயை வெகு நேரம் வேகவிட்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இதில் உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாக வெந்தால்தான் செரிக்கும் என்று நம்பிச் சமைத்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் கசப்பும் வாடையும் மட்டுமாக இருந்திருந்தால், வளர வளர இந்த வெறுப்பு கரைந்திருக்கவும் கூடும். பலருக்குக் கரைகிறது. உங்களுக்கு ஏன் கெட்டிப்பட்டது? ஒரு சுவையோடு குமட்டல் ஒரே ஒரு தடவை சேர்ந்துவிட்டால்கூட மூளை அதை மறப்பதில்லை. 1955-இல் ஜான் கார்சியா என்பவர் எலிகளை வைத்து இதைக் காட்டினார். இனிப்புத் தண்ணீரைக் குடித்த எலிகள் கதிர்வீச்சால் நோயுற்றன. அதன் பிறகு, தங்களுக்குப் பிடித்தமான அந்த இனிப்பையே அவை ஒதுக்கின. உங்களுக்கு அது வாரம் இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில் நடந்தது. போதாததற்கு வாசனை வேறு. மற்றப் புலன்களைவிட வாசனை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் வாடை வந்தவுடன், நீங்கள் யோசிப்பதற்கு முன்பே தொண்டை அடைக்கிறது. அந்த நொடியில் உங்களுக்கு வயது எட்டு.

உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த நான்கு வாயை நீங்கள் அன்போடு நினைத்திருக்கிறீர்கள். நினைக்க வேண்டியதுதான். ஆறி, நீர் விட்டுப்போன முட்டைக்கோஸை, பசி இல்லாத நேரத்தில், மகளுக்காக மெல்லாமல் விழுங்கிய ஒரு மனிதர். ஆனால் அவர் அதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருந்தது. அன்று உங்கள் தட்டு காலியானது. காலியாக்கியது நீங்கள்தான் என்று அம்மா நம்பினார். "பார், மனது வைத்தால் முடிகிறதல்லவா" என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதாவது, உங்களை நம்பிய ஒரே ஆள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "அவளால் முடியவில்லை, விடு" என்று விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் சொல்லியிருந்தால், அந்த இரவு உங்கள் நினைவில் வேறு மாதிரி தங்கியிருக்கும் என்பது என் எண்ணம். அப்பாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உங்கள் மகன் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது எது என்பதை இது எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதற்காக எழுதினேன்.

முட்டைக்கோஸை நீங்கள் இனிமேலாவது சாப்பிடப் பழக வேண்டுமா? வேண்டியதில்லை. அதில் இருக்கும் சத்து எல்லாம் வேறு காய்களிலும் கிடைக்கும். ஒரு காயைச் சாப்பிடாமலே ஒருவர் முழு ஆயுளும் நன்றாக வாழலாம். ஆனால் அந்த வாடையைக் கண்டு இனியும் பயப்பட வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், வேகவைத்ததிலிருந்து தொடங்காதீர்கள். மெல்லியதாகச் சீவிப் பச்சையாக, கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் சேர்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் அதிகத் தீயில் எண்ணெயில் ஓரம் சிவக்கும்படி இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வதக்கிப் பாருங்கள். அந்தப் பழைய வாடை இவற்றில் பெரும்பாலும் இருக்காது. தனியாக, பகலில், நீங்களே சமைத்து, வேண்டாம் என்றால் அந்த நிமிடமே கொட்டிவிடலாம் என்ற உரிமையோடு செய்யுங்கள். அன்று இல்லாத உரிமை அது.

இப்போது உங்கள் மகன்.

ஐந்து வயதில் பச்சைக் காயைத் தொடாத பிள்ளையை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை, பழகாத உணவைக் கண்டால் ஒதுங்குவது உச்சத்தில் இருக்கும். தானாக நடந்து கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் வயதில், தெரியாததைத் தின்னாமல் இருப்பது ஒரு பாதுகாப்பு. இதில் பரம்பரையின் பங்கும் பெரியது. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டைக் குழந்தை ஜோடிகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தயக்கத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் 78 சதவீதம் மரபு சார்ந்தது என்று கணக்கிட்டது. உங்கள் மகன் உங்களுடைய மகன் என்பதை மறந்துவிடாதீர்கள். அவனது நாக்கும் உங்கள் நாக்கைப் போன்றதாக இருக்கலாம்.

பசியும் குறையும் வயது இது. பிறந்த முதல் வருடத்தில் குழந்தையின் எடை மூன்று மடங்காகிறது. பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் ஏறும். அதற்கேற்பச் சாப்பாடும் குறையும். பெரியவர்களுக்கு அது அடமாகத் தெரிகிறது.

கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2006-இல் லியான் பர்ச் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பள்ளி செல்லத் தொடங்காத குழந்தைகளிடம் பார்த்தார்கள். இரண்டு வகை சூப். ஒன்றைக் கொடுக்கும்போது "சூப்பை முடித்துவிடு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றொன்றைச் சும்மா வைத்தார்கள். சும்மா வைத்த சூப்பைத்தான் குழந்தைகள் அதிகம் சாப்பிட்டார்கள். வற்புறுத்தப்பட்ட சூப்பைப் பற்றி அவர்கள் சொன்ன குறைகளுக்கோ அளவில்லை. கவனியுங்கள், அங்கே யாரும் திட்டவில்லை, விளக்கை அணைக்கவில்லை. சாதாரணமாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கே அந்த விளைவு. லஞ்சமும் வேலை செய்யாது. "காயைத் தின்றால் இனிப்பு தருகிறேன்" என்றால், காய் என்பது கூலிக்குத் தின்ன வேண்டிய கசப்பான வேலை என்று நாமே அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். 1984-இல் இதே பர்ச்சின் ஆய்வு ஒன்றில், பரிசுக்காக ஒரு பானத்தைக் குடித்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேலிருந்த விருப்பம் குறைந்துபோனது.

அப்படியானால் என்னதான் செய்வது? எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் ஆலோசகர் பல ஆண்டுகளுக்கு முன்பே வகுத்த ஒரு வேலைப் பிரிவினையை நான் நம்பிக் கடைப்பிடிக்கிறேன். எதைச் சமைப்பது, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. அதில் எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்பதற்குச் சுலபம். மேசையில் உட்கார்ந்து அவன் காயை ஓரமாக ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும்.

மேசையில் அவனுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கட்டும். அது இருந்தால் மற்றதைப் பற்றிய பயம் பாதியாகும். பச்சைக் காயைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தட்டில் வைக்கவே அவன் சம்மதிக்காவிட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். அவன் தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், நக்கிவிட்டு வைத்துவிடலாம், வாயில் போட்டுப் பிடிக்காவிட்டால் துப்பவும் செய்யலாம். துப்ப அனுமதி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து வாயில் போடும். என்னிடம் வந்த ஒரு சிறுவன் ஒன்பது வாரம் பட்டாணியை மேசையில் உருட்டி விளையாடிக்கொண்டே இருந்தான். பத்தாவது வாரம் ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, உள்ளே இருந்த இரண்டு பாதிகளை அம்மாவிடம் காட்டிவிட்டு, ஒரு பாதியை மட்டும் தின்றான். அம்மா கைதட்டவில்லை. அவரிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். பாராட்டும் ஒரு வகையில் அழுத்தம்தான். ஒரு காய் பிள்ளைக்குப் பழக்கமாவதற்குப் பத்து, பதினைந்து தடவை ஆகும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது நான்காவது தடவையோடு, இவனுக்கு இது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவைப் பிள்ளையின் காதுபட அறிவிப்பதையும் நிறுத்துங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடை ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, சாப்பிடும் உணவுகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, சாப்பாட்டு நேரம் என்றாலே நடுங்கினாலோ தாமதிக்காதீர்கள். சாதாரண அடத்தைத் தாண்டிய, தவிர்ப்பு உணவுக் கோளாறு என்று 2013 முதல் தனியாக வகைப்படுத்தப்பட்டிருக்கும் நிலை ஒன்று உண்டு. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அந்த அறிகுறிகள் இல்லை. ஓடுகிறான், வளர்கிறான், பழம் சாப்பிடுகிறான், பால் குடிக்கிறான். ஆனாலும் அடுத்த முறை குழந்தை மருத்துவரிடம் போகும்போது எடையையும் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்கம் வராத அந்த இரவைப் பற்றி. ஒரே ஒரு தடவை சொன்ன வாக்கியம் அவனை உடைத்துவிடாது. ஆனால் அதைச் சும்மா விட்டுவிடவும் வேண்டாம். சாப்பாட்டு நேரம் இல்லாத ஒரு நேரத்தில், அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு அம்மா முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னேன் இல்லையா? அது தப்பு. உன் வயிறு போதும் என்றால் போதும்" என்று சொல்லுங்கள். மூன்று வாக்கியம் போதும், அழ வேண்டாம். அவன் தலையைக்கூட நிமிர்த்தாமல் "சரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான்.

கடைசியாக அம்மா. "அப்படி வளர்த்ததால்தான் நன்றாக இருக்கிறாய்" என்பதோடு வாதாடிப் பயனில்லை. அது அவர் வாழ்க்கையின் கணக்கு. அந்தத் தட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு பயம் இருந்திருக்கும். பிள்ளைக்குச் சத்து குறைந்துவிடுமோ என்ற பயம், அல்லது உணவை வீணாக்கவே முடியாத ஒரு காலத்தைப் பார்த்த பயம். அந்தக் காலத்தில் அவர் தட்டில் என்ன இருந்தது என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள். அவரைத் திருத்துவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்வதற்காகவே கேளுங்கள். ஆனால் பழைய கதைக்கும் இன்றைய மேசைக்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும். பாட்டி பேரனிடம் "முடித்துவிட்டு எழுந்திரு" என்று சொன்னால், அப்பா செய்ததைப் போல அவன் தட்டை ரகசியமாகக் காலி செய்யாதீர்கள். சமையலறைக்குக் கூட்டிப் போய்க் கிசுகிசுக்கவும் வேண்டாம். அங்கேயே, அவன் கேட்க, கோபமில்லாத குரலில், "அவனுக்குப் போதுமாம், அம்மா. எழுந்திருக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

முதல் தடவை சொல்லும்போது உங்கள் குரல் நடுங்கும். சொல்லிவிடுங்கள். பிறகு ஒருநாள், நீங்களும் அம்மாவும் மட்டும் இருக்கும்போது, அந்த விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள். முட்டைக்கோஸைப் பற்றிப் பேசினால் அவர் ஆரோக்கியத்தைப் பற்றித்தான் பேசுவார். விளக்கைப் பற்றிச் சொல்லுங்கள், எட்டு வயதில் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்று. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. பதில் சொல்லாமல் எழுந்து போய்விடலாம். போகட்டும், பின்னாலேயே போகாதீர்கள். அடுத்த நாள் பேரனின் தட்டில் அவர் எவ்வளவு காய் வைக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.